பேரழிவுக்குப் பின் இறைநம்பிக்கை

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாம்கள் உள்ளன. 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பின் பல கட்டங்களாகக் கடல் கடந்து வந்தோர் இத்தகைய முகாம்களில் குடியமர்த்தப்பட்டனர். உற்றாரை இழந்து உயிர் மட்டும் மிஞ்சிய ஒருவரின் இறைநம்பிக்கை என்னவாகிறது என்னும் வினா நமக்கு அயலானதன்று என்பதை இம்முகாம்கள் உணர்த்துகின்றன.

இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்தது, இரண்டாம் உலகப் போரில் நாஜிகளால் அறுபது இலட்சம் பேரைப் பறிகொடுத்த ஐரோப்பிய யூதர்களிடத்திலாகும். பிழைத்தோர் அனைவரும் ஒரே விடைக்கு வந்துவிடவில்லை. நம்பிக்கையற்றவராகவே ஆஷ்விட்ஸ் முகாமுக்குள் சென்ற இத்தாலியரான பிரீமோ லெவி, அவ்வாறே வெளியேறினார். 1944இல் மரணத்தேர்வின் முன் நின்றபோது பிரார்த்திக்கும் உந்துதல் ஒருகணம் தோன்றியதையும், அச்சத்தால் தம் நிலை மாறுவது நேர்மையன்று எனக் கருதி அதனை மறுத்ததையும் அவர் பதிவு செய்துள்ளார். பக்திச் சூழலில் வளர்ந்த எலீ வீசலோ, முகாமில் கற்றறிந்த யூதர் சிலர் இறைவனையே வழக்கில் நிறுத்தி விசாரித்ததைத் தாம் கண்டதாகக் கூறினார். விசாரணை முடிந்ததும் அவர்கள் தொழுகைக்கு எழுந்தனராம். மனைவியையும் பதினொரு மக்களையும் இழந்த கிளாசன்பர்க் ரப்பி ஹால்பர்ஸ்டாமோ, நம்பிக்கை தளராது போருக்குப் பின் சமூகத்தை மீளக் கட்டியெழுப்பி, நெத்தன்யா நகரில் மருத்துவமனையும் நிறுவினார்.

நம் மொழி பேசும் முஸ்லிம்களும் இச்சோதனைக்கு ஆளாயினர். 1990 ஆகஸ்டு 3ஆம் நாள் வெள்ளியன்று காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றோர் மீது ஆயுததாரிகள் சுட்டதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதாயினர். அதே ஆண்டு அக்டோபரில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தாருக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாயினர்.

இறைவனைத் தொழுதுகொண்டிருந்தபோதே வெட்டவெளியாக்கப்பட்ட குடும்பங்கள் தொழுகையைக் கைவிட்டனவா? குண்டு துளைத்த சுவர்கள் இன்றும் பேணப்படும் காத்தான்குடிப் பள்ளிவாசலில் ஸஃப்புகள் நிறைகின்றன. ஆங்கே பெரிதும் தகர்ந்தது இறைவன் மீதான நம்பிக்கையன்று. தலைமுறைகளாய் அருகில் வாழ்ந்த, தாய்மொழியில் ஒன்றுபட்ட அண்டை வீட்டார் மீதான நம்பிக்கையே.

மட்டக்களப்பு இந்துக்களிடையேயும் இதனையொத்த நிலையைக் காணலாம். காணாமற் போன மக்களைத் தேடிய தாய்மார் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வோரை நாடியதையும், போர்க்காலத்தில் அவ்வழிபாடு பெருகியதையும் மானிடவியலாளர் பெட்ரீசியா லாரன்ஸ் ஆராய்ந்துள்ளார். அரசும் நீதிமன்றமும் செவிசாய்க்காத இடத்தில் முறையீடு கருவறை வாயிலை அடைந்தது.

இவற்றிலிருந்து ஓருண்மை புலனாகிறது. நம்பிக்கையிழப்பு என நாம் ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் மூன்று. இறைவன் உளன் என்பதை இழத்தல் ஒன்று. அவன் நீதியுடையோன் என்பதை ஐயுறுதல் மற்றொன்று. மனிதரை நம்பவியலாது போதல் மூன்றாவது. ஒன்று நேர்ந்தால் மற்றவையும் நேர்ந்தே தீரும் என்பதில்லை. வழக்காடியவர்கள் தொழவும் செய்தனர். தொழுதவர்கள் அண்டை வீட்டாரை அஞ்சவும் செய்தனர்.

யூதரும் முஸ்லிம்களும் ஒருங்கே போற்றும் அய்யூப் (அலை) அவர்களின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. மகனைப் பிரிந்து அழுதழுது பார்வையிழந்த யஃகூப் (அலை) அவர்களும் தம் துயரை மறைக்கவில்லை, இறைவனிடமே முறையிட்டார்கள். ஆகவே ஸப்ர் என்பது கண்ணீரின்மை அன்று.

எனவே பிழைத்தோரிடம், “உங்கள் பாவத்தின் விளைவே இது” என உரைப்பது மார்க்க போதனையாகாது. அது இரண்டாவது காயம். அவர்தம் ஈமானை அளப்பது நம் பணியன்று. உடைந்த மூன்றாவது நம்பிக்கையை, அதாவது மனிதர் மீதான நம்பிக்கையை, மீட்டுத் தருவதே அண்டையில் வாழும் நம்மால் இயலுவது. நம்மீது கடமையானதும் அதுவே.