அப்பாவின் கடைசி நாள்கள்: குடும்பம் எதை முடிவு செய்யலாம்?

பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய ‘பாரம்’ படத்தில், இடுப்பெலும்பு முறிந்த முதியவரை மகன் ஊருக்குக் கொண்டுபோகிறார். பிறகு அவர் இறந்துவிடுகிறார். அது இயற்கை மரணம்தானா என்ற சந்தேகம் உறவுகளைப் பிரிக்கிறது. தென் தமிழகத்தின் சில இடங்களில் ரகசியமாக நடக்கும் ‘தலைக்கூத்தல்’ பழக்கத்தைச் சொல்லும் இப்படம், 2018ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வானது.

நம் நாட்டில் இந்தக் கேள்வி ஐசியூ வாசலில் வருகிறது. “சுவாசக் கருவி பொருத்தலாமா?” என்று டாக்டர் கேட்பார். தோட்டத்தில் அப்பாவோடு இருந்து பார்த்துக்கொண்ட மகள் “வேண்டாம், கஷ்டப்பட்டது போதும்” என்பார். ஜொகூரிலிருந்து ஓடிவந்த அண்ணன் “அப்பாவைக் கொல்லச் சொல்கிறாயா?” என்று சத்தம் போடுவார். ஈமச்சடங்கு முடிந்தும் அந்தப் பேச்சு ஆறாது.

ஆனால், இவை இரண்டும் ஒன்றல்ல. மருந்து கொடுத்து உயிரைப் போக்குவது கருணைக்கொலை. நோயாளியே கெஞ்சிக் கேட்டாலும் மலேசியாவில் அது குற்றம். தற்கொலைக்கு உடந்தையாக இருப்பதும் குற்றவியல் சட்டத்தின் 306ஆவது பிரிவின்படி குற்றம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பிரிவு 2023இல் நீக்கப்பட்டாலும், உடந்தைக்கான தண்டனை நீடிக்கிறது.

குணமாக வழியில்லை என்று டாக்டர்கள் கண்டபின், பலன் தராத சிகிச்சையைத் தவிர்ப்பது வேறு. அங்கே உயிரைக் கொண்டுபோவது நோய். வலி மருந்து, உடல் துடைப்பது, வாய் நனைப்பது எதுவும் நிற்காது. இதுவே நோய்த்தணிப்புப் பராமரிப்பு. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஹோஸ்பிஸ் மலேசியா 1991 முதல் இயங்குகிறது. தாதியர் வீட்டுக்கே வந்து இலவசமாகக் கவனிக்கிறார்கள். மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்ற பயமும் பல வீடுகளில் உண்டு. சரியான அளவில் கொடுத்தால் அது வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்கும் மருந்துதான்.

சிங்கப்பூரில் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, 21 வயதானவர் இரண்டு சாட்சிகள் முன் தம் விருப்பத்தை எழுதிப் பதியலாம்; சாட்சிகளில் ஒருவர் டாக்டராக இருக்க வேண்டும். மலேசியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. அதனால் வீட்டில் முன்கூட்டியே பேசுவது இன்னும் அவசியம்.

பெரியவர் தெளிவாக இருக்கும்போதே மூன்றைக் கேளுங்கள்: இயந்திரம் வேண்டுமா? கடைசியில் வீட்டிலா, மருத்துவமனையிலா? பேச முடியாமல் போனால் யார் பேச வேண்டும்? பதிலைத் தேதியோடு எழுதி, அவரிடம் கையொப்பம் வாங்கி, பிள்ளைகள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஒரு பிரதியைச் சிகிச்சை தரும் டாக்டரிடமும் கொடுத்துவையுங்கள்.