காற்று ஏறி இறங்கும் மலை

ஆடி மாதம் அருப்புக்கோட்டையில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுப் பாருங்கள். கிளிப் போடாத துண்டு அடுத்த தெருவில் போய் விழுந்திருக்கும். ‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்று அப்பத்தா சொல்வது சும்மா இல்லை. அந்தக் காற்று மேற்கிலிருந்து வருகிறது. அரபிக்கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு கிளம்பும் காற்றுதான் அது. கேரளத்தில் வீசும்போது விடாமல் மழை பெய்கிறது. நம்மிடம் வரும்போது புழுதியைத்தான் கிளப்புகிறது. அப்படியானால் அந்த ஈரத்தை வழியில் யார் வாங்கிக்கொண்டார்கள்?

ஒரு கணக்கைப் பாருங்கள். ஓராண்டில் பெய்யும் மழை முழுவதும் ஓடாமல், வற்றாமல் தரையில் அப்படியே நின்றால் கேரளத்தில் ஏறத்தாழ 3 மீட்டர் உயரம் நிற்கும். வீட்டுக் கூரையைத் தொட்டுவிடும். நம் விருதுநகர் மாவட்டத்தில் சுமார் 80 சென்டிமீட்டர்தான். உங்கள் இடுப்பு வரைக்கும் வரும். நடுவில் நிற்பது மலைதான். நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம், வாருங்கள்.

எந்த மலை?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் தட்டையான பூமி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் கரிசலும் செம்மண்ணும் பரந்து கிடக்கின்றன. மேற்கே பேருந்தில் போய் வத்திராயிருப்பில் இறங்கினால், கண்ணுக்கு நேரே மேற்குத் தொடர்ச்சி மலை சுவராக எழுந்து நிற்கும். அங்கிருந்து தாணிப்பாறை. அதுதான் சதுரகிரி மலைப்பாதையின் அடிவாரம். ஆடி அமாவாசைக்கு நம் ஊர்களிலிருந்து வேன் பிடித்துச் சுந்தரமகாலிங்கத்தைக் கும்பிடப் போவார்களே, அதே மலைதான். உங்கள் தாத்தாவோ சித்தப்பாவோ ஏறியிருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

இந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. 2021-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட இது, தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். அதனால் வனத்துறை அனுமதிக்கும் நாளில், அனுமதிக்கும் நேரத்தில், பெரியவர்களோடு மட்டும்தான் போக வேண்டும்.

ஏறும் காற்று குளிரும், இறங்கும் காற்று சூடாகும்

கிளம்பும் முன் ஒரு சோதனை. சைக்கிள் பம்பில் வேகமாகக் காற்றடித்துவிட்டு அதன் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும். காற்றை அமுக்கினால் சூடாகிறது. பிறகு, நன்றாகக் காற்றடைத்த ட்யூபின் வால்வை அழுத்தி, சீறி வரும் காற்றில் விரலைக் காட்டுங்கள். சில்லென்று இருக்கும். காற்று விரிந்தால் குளிர்கிறது.

மலையிலும் இதுதான் நடக்கிறது. நமக்கு மேலே உள்ள காற்றின் எடை எப்போதும் நம்மை அழுத்திக்கொண்டிருக்கிறது. மேலே போகப் போக அந்த அழுத்தம் குறையும். மலையில் மோதி மேலே ஏறும் காற்று அழுத்தம் குறைவதால் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. காற்று குளிரக் குளிர, அதில் நீராவியாகவே இருக்கக்கூடிய ஈரத்தின் அளவு குறையும். மிஞ்சிய நீராவி சின்னஞ்சிறு துளிகளாக மாறி மேகமாகிறது, பிறகு மழையாக விழுகிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்றோ மறுபடி அமுங்குகிறது, சூடாகிறது.

கணக்கு எளிதாக இருக்க, 1500 மீட்டர் உயர மலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேற்கு அடிவாரத்தில் காற்றின் வெப்பம் 28 டிகிரி. முதல் 500 மீட்டர் ஏறுகிறது. மேகம் உருவாகாத காற்று 1000 மீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குளிரும். ஆகவே இப்போது 23 டிகிரி. அங்கே மேகம் உருவாகத் தொடங்குகிறது. நீராவி துளியாக மாறும்போது தன்னிடமுள்ள வெப்பத்தை வெளியே விடும். அதனால் அதற்கு மேல் குளிர்வது மெதுவாகிறது, 1000 மீட்டருக்கு 5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உச்சியில் 18 டிகிரி. ஈரம் மழையாகக் கொட்டிவிட்டது. இனி கிழக்கே இறக்கம். உலர்ந்த காற்று 1500 மீட்டர் இறங்கினால் 15 டிகிரி சூடாகும். 18-உடன் 15-ஐக் கூட்டுங்கள். 33!

28 டிகிரியில் ஈரமாக ஏறிய காற்று 33 டிகிரியில் உலர்ந்து இறங்குகிறது. இதுதான் நம் ஆடிக் காற்று. நமக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மலை மட்டும் இல்லை. மேகமலை, வருசநாடு என்று வரிசையாக மலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் பங்கை வாங்கிக்கொள்கிறது. இப்படி மலையின் மறுபக்கத்தில் மழை குறைந்து கிடக்கும் நிலத்தை ‘மழை மறைவுப் பகுதி’ என்கிறார்கள். நாம் வாழ்வது அங்கேதான்.

நகராத மேகம்

ஆடியில் வத்திராயிருப்புப் பக்கம் போனால் மலை முகட்டைக் கவனியுங்கள். முகட்டை மூடியபடி மேகம் படுத்திருக்கும். கீழே காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். மேகத்தின் விளிம்போ ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் பெரும்பாலும் அதே இடத்தில் இருக்கும். இவ்வளவு காற்றில் அது ஏன் நகரவில்லை?

மேகத்தில் உள்ள துளிகள் நகர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. முகட்டைத் தாண்டிக் கீழே இறங்கியதும் காற்று சூடாகிறது, துளிகள் மறுபடி நீராவியாகிக் கண்ணுக்கு மறைகின்றன. அதே நேரத்தில் மேற்குப் பக்கம் புதுத் துளிகள் பிறந்து அந்த இடத்தை நிரப்புகின்றன. பிறப்பு ஒரு பக்கம், மறைவு ஒரு பக்கம் நடப்பதால் மேகம் அங்கேயே நிற்பதாக நமக்குத் தோன்றுகிறது. மழை மறைவு தொடங்கும் எல்லைக் கோட்டை வானமே வரைந்து காட்டுகிறது!

பாதையில் என்ன பார்க்கலாம்?

தாணிப்பாறையிலிருந்து கோயிலுக்கு மூன்று நான்கு மணி நேர ஏற்றம். வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பர் என்று இடங்களைச் சொல்லிக்கொண்டே நடப்பார்கள். நாம் அதோடு சேர்த்து மூன்றைக் கவனிப்போம்.

முதலாவது, இலை. நம் ஊர் உடைமரத்தையும் சீமைக்கருவேலத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். இலை பொடிப்பொடியாக இருக்கும். இலை வழியாகத்தான் மரம் தண்ணீரை ஆவியாக இழக்கிறது. வெயிலும் வறட்சியும் உள்ள இடத்தில் சின்ன இலை சிக்கனமானது. அடிவாரத்தில் முள்ளும் புதருமாகத்தான் இருக்கும். ஓடைக்கரையை நெருங்கினால் நாவல், மா, மருது என்று அகன்ற இலை மரங்கள் வந்துவிடும்.

இரண்டாவது, மரப்பட்டை. ஈரம் அதிகமான இடத்தில் பட்டையிலும் பாறையிலும் சாம்பலும் பச்சையுமாகத் திட்டுகள் ஒட்டியிருக்கும். பிரியாணி மசாலாவில் போடும் கல்பாசியின் சொந்தக்காரர்கள் இவர்கள். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஒரே உயிராக வாழும் கூட்டுக் குடும்பம். சுரண்டாமல் பாருங்கள். இவை மிக மெதுவாக வளர்பவை.

மூன்றாவது, மர உச்சி. சாம்பல் நிற மலை அணில் கண்ணில் படலாம். வாலோடு சேர்த்து முக்கால் மீட்டர் இருக்கும். இந்த வகை அணில் உலகிலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் வாழ்கிறது. இதைக் காப்பதற்கென்றே 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைத்தார்கள். இந்த அணில் தரைக்கு அதிகம் இறங்காது. கிளை விட்டுக் கிளை தாவியே காட்டைச் சுற்றிவரும். நடுவில் நாலு மரத்தை வெட்டினால் அதன் பாதை அறுந்துபோகும். அணிலுக்கு மர உச்சிதான் ரோடு.

ஓடை சொல்லும் எச்சரிக்கை

இந்தப் பாதை ஓடைகளைக் கடந்து போகிறது. 2015 மே மாதம் இங்கே திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும், மேலே முகட்டில் கொட்டிய மழை சரிவில் உருண்டு ஓடையில் சேர்ந்து சில நிமிடங்களில் இறங்கிவிடும். மலைச்சரிவு செங்குத்தானது, பாறைக்கு மேல் மண் குறைவு, தண்ணீர் தங்க இடமில்லை. தெளிந்த நீர் கலங்கினால், சருகும் குச்சியும் திடீரென மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால் உடனே கரையேறி மேட்டுக்குப் போய்விட வேண்டும். பையையும் செருப்பையும் எடுக்கத் திரும்பக் கூடாது.

முகட்டில் விழும் மூன்று துளிகள்

இந்த மலைத்தொடரின் முகட்டுப் பகுதியில் மூன்று மழைத்துளிகள் அருகருகே விழுவதாக வைத்துக்கொள்வோம். மேற்கே வருசநாட்டுப் பக்கம் உருளும் துளி வைகைக்குப் போகும். வத்திராயிருப்புப் பக்கம் உருளும் துளி அர்ச்சுனா நதி வழியாக வைப்பாற்றுக்குப் போகும். சாப்டூர்ப் பக்கம் உருளும் துளி எங்கே போகும் தெரியுமா? குண்டாற்றுக்கு! திருமங்கலம், காரியாபட்டி வட்டாரங்களைத் தாண்டித் திருச்சுழிக்கு வந்து, கமுதி வழியாக மன்னார் வளைகுடாவுக்குப் போகிறதே, அந்தக் குண்டாறு. திருச்சுழிப் பிள்ளைகள் மணலில் விளையாடும் ஆறு பிறப்பது இந்த மலைகளில்தான்.

ஆடியில் நம் மழையைத் தடுக்கும் மலை, ஐப்பசியில் வேறு வேலை செய்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்று திசை மாறும். வங்கக் கடலிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்று வரும். அதற்கும் நமக்கும் நடுவே மலை இல்லை. நம் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அப்போதுதான் கிடைக்கிறது. அந்தக் காற்று மேற்கே போய் மலையில் மோதி, இப்போது நம் பக்கச் சரிவில் ஏறுகிறது. ஏறினால் விரியும், விரிந்தால் குளிரும், குளிர்ந்தால் மழை. அந்த மழைதான் ஓடையாகி, ஆறாகி, வாய்க்கால் வழியே கண்மாய்களுக்கு வருகிறது.

மலையில் காடு இருந்தால் சருகும் வேரும் அந்தத் தண்ணீரைப் பிடித்து நிறுத்தி மண்ணுக்குள் அனுப்பும். பாறை வெடிப்புகளில் இறங்கிய நீர் வாரக்கணக்கில் ஊற்றாகக் கசிந்துகொண்டே இருக்கும். காடு போனால் மழை அன்றைக்கே வெள்ளமாக ஓடித் தீர்ந்துவிடும். சதுரகிரியில் நிற்கும் ஒரு மரம் திருச்சுழிக்கும் வேலை செய்கிறது. அதனால்தான் அங்கே பிளாஸ்டிக் பை போடாதே, நெருப்பு வைக்காதே, பாதையை விட்டு விலகாதே என்கிறார்கள். அந்தக் காட்டைக் காப்பது நம் ஆற்றைக் காப்பதுதான்.

நீங்களே செய்து பாருங்கள்

மலைக்குப் போகும்போது சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. தாணிப்பாறையிலும், பாதி வழியிலும், கோயில் அருகிலும் நிழலில் ஐந்து நிமிடம் வைத்துப் படியுங்கள். பொதுவாக 1000 மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். (முன்பு பார்த்த 10, 5 டிகிரி, காற்றே மேலே ஏறும்போது குளிரும் கணக்கு. இது அந்தந்த உயரத்தில் இருக்கும் காற்றை நாம் போய் அளக்கும் கணக்கு.) நேரம் போகப் போக வெயிலும் ஏறும் என்பதால், வீட்டிலிருக்கும் நண்பரையும் அதே நேரங்களில் ஊரில் வெப்பம் பார்த்து எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால்தான் கணக்கு சரியாக வரும்.

மலைக்குப் போக முடியாதவர்கள் மொட்டை மாடிக் கம்பியில் ஒரு ரிப்பனைக் கட்டுங்கள். அது எந்தத் திசையில் பறக்கிறது, அன்று மழை உண்டா என்று தினமும் குறியுங்கள். ஆடியில் தொடங்கிக் கார்த்திகை வரை எழுதினால், காற்று திசை மாறிய வாரம் உங்கள் நோட்டிலேயே தெரியும். அந்த வாரத்துக்குப் பிறகு மழை நாட்கள் கூடினவா? எண்ணிப் பார்த்து எங்களுக்கும் எழுதுங்கள்.