நகைச்சுவையும் நடைமுறை ஆங்கிலமும்

பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் பயின்று கல்லூரிக்குள் நுழையும் நம் மாணவருள் பலர், பாடநூலின் ஒரு பத்தியைப் படித்து ஓரளவு பொருள் கூறிவிடுவர். ஆனால் வங்கியிலோ நேர்முகத் தேர்விலோ ஓர் எளிய ஆங்கில வினாவை எதிர்கொண்டால் வாயடைத்து நிற்பர். இது அறிவுக்குறைவன்று. அவர்கள் கற்ற சொற்கள் வேறு. அங்கே வழங்கும் சொற்கள் வேறு. அதனினும் பெரிய தடை, பிழையாகப் பேசினால் பிறர் நகைப்பரே என்னும் அச்சம். தமிழ்வழியில் பயின்று, குடும்பத்தில் முதல்வராகக் கல்லூரி வாயிலை மிதிப்பவரிடம் இவ்வச்சம் மிகுதி. பிறர் நகைப்புக்கு அஞ்சும் இவர்களுக்கு நகைச்சுவைத் தொடர்களே ஆங்கிலம் கற்பிக்கக்கூடும் என்றால் வியப்பாக இருக்கும். எனினும் அது மெய்யே.

அன்றாட ஆங்கிலத்தின் கடினம் பெருஞ்சொற்களில் இல்லை; 'புட்', 'கெட்', 'டேக்', 'டர்ன்' போன்ற சிறு வினைகளில்தான் உள்ளது. 'புட்' என்றால் வைத்தல் என்பதைச் சிறுவரும் அறிவர். அதனோடு 'ஆஃப்' சேர்ந்தால் தள்ளிப்போடுதல்; 'அப் வித்' சேர்ந்தால் பொறுத்துக்கொள்ளுதல். 'டர்ன் அப்' எனின் வந்து சேர்தல். 'டர்ன் டவுன்' எனின் மறுத்தல். தனித்தனிச் சொற்களின் பொருளைக் கூட்டினால் இப்பொருள் கிட்டாது. நமக்கு இது புதுமையும் அன்று. தமிழ் கற்கும் அயலார் ஒருவர் 'தூக்கிவாரிப்போட்டது' என்பதைத் தூக்கு, வாரு, போடு எனப் பிரித்து அகராதியில் தேடினால், திடுக்கிட்டது என்னும் பொருளை எங்ஙனம் காண்பார்?

வளைகுடா நாடுகளில் பணியாற்றி வந்த நம் சமுதாயத்தார் இதனை நேரில் கண்டவர்களே. மதரஸாவில் அரபு இலக்கணத்தைத் துறைபோகக் கற்றவர் ஜித்தாவின் கடைத்தெருப் பேச்சு விளங்காமல் திகைப்பதுண்டு. இலக்கணமே அறியாத கடைப் பணியாளர் சில ஆண்டுகளில் அப்பேச்சைத் தடையின்றிப் பேசுவதும் உண்டு. பின்னவருக்குக் கடையே பாடநூலாயிற்று. சொல்லும், அது பிறக்கும் சூழலும், பேசுவோர் முகக்குறிப்பும் அவருக்கு ஒருங்கே வாய்த்தன.

அத்தகைய சூழல் வாய்க்காதவருக்குத் தொலைக்காட்சி ஒரு மாற்றாகும். அதிலும் செய்தியறிக்கையைவிட நகைச்சுவைத் தொடரே ஏற்றது என்போம். செய்தி வாசிப்பவர் எழுதிவைத்த நடையைப் படிக்கிறார். நகைச்சுவைத் தொடரிலோ சமையலறையிலும் அலுவலகத்திலும் மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசுகின்றனர். மேலும், சிரிப்பென்பது பொருள் விளங்கியமைக்குச் சான்று. அவையோர் சிரிக்க நாம் சிரிக்கவில்லையாயின், நாம் அறியாத சொல்லொன்றோ வழக்கொன்றோ அங்கே ஒளிந்திருக்கிறது என்று அறியலாம். காளமேகப் புலவரின் சிலேடையைச் சுவைக்க, ஒரு தொடரின் இருபொருளும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

1994 முதல் 2004 வரை 236 பகுதிகளாக ஒளிபரப்பான 'ஃபிரண்ட்ஸ்' என்னும் அமெரிக்கத் தொடரில், ஜோயி என்பவன் 'மூட் பாயின்ட்' என்பதை 'மூ பாயின்ட்' எனத் தவறாகச் சொல்கிறான். சொன்னதோடு நில்லாமல், அது பசுவின் கருத்தைப் போன்றது, எவரும் பொருட்படுத்துவதில்லை என்று விளக்கமும் தருகிறான். நம் பசு 'மா' என்று கத்துவது ஆங்கிலேயர் செவிக்கு 'மூ' என்றே கேட்கும். 'மூட் பாயின்ட்' என்பது அமெரிக்க வழக்கில், இனிப் பேசிப் பயனற்ற செய்தியைக் குறிப்பது. பிழையான விளக்கம் சரியான பொருளிலேயே போய் முடிகிறது! இதைக் கண்டு சிரித்தவர் அச்சொல்லை மறவார். 1999இல் வந்த மற்றொரு பகுதியில் ராஸ் என்பவன், சோபா ஒன்றை மாடிப்படி வழியே ஏற்றும்போது திருப்பத்தில் சிக்கிக்கொண்டு, 'பிவட்' என்ற ஒரு சொல்லையே திரும்பத் திரும்பக் கத்துகிறான். ஒரு புள்ளியை அச்சாகக் கொண்டு திரும்புதல் என்று அகராதி கூறுவதைப் படிக்கட்டே விளக்கிவிடுகிறது. (நம் வீட்டுச் சிறுவர்கள் விரும்பும் 'மிஸ்டர் பீன்' இதற்கு உதவாது, அவர் வாய் திறப்பதே அரிது.)

இதற்குப் பெருஞ்சொல்வளம் வேண்டுமோ என அஞ்ச வேண்டா. டாக்காவில் ஆசிரியப் பயிற்சிப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்னும் அறிஞர் 1953இல் வெளியிட்ட பொதுச்சொற் பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்களே உள்ளன. வெப், ராஜர்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர் 88 தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை ஆராய்ந்து 2009இல் ஒரு முடிவை வெளியிட்டனர். 3,000 சொற்குடும்பங்களும் இயற்பெயர்களும் தெரிந்தவருக்கு, அவற்றில் வரும் சொற்களில் 95 விழுக்காடு தெரிந்தவையாகவே இருக்கும் என்பது அம்முடிவு.

ஆங்கிலம் கற்பதையே நகைச்சுவையாக்கிய தொடர் ஒன்றும் உண்டு. வின்ஸ் பவல் எழுதி, 1977 முதல் 1979 வரை பிரிட்டனில் ஒளிபரப்பான 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' இலண்டன் மாலை வகுப்பொன்றில் நிகழ்வது. பல நாட்டவர் அங்கே பயில்கின்றனர். பாகிஸ்தானியரான அலி நதீம் 'எக்ஸ்கியூஸ் மீ' என்பதை 'ஸ்குவீஸ் மீ' என்கிறார். மன்னிக்கும்படி வேண்டியவர், தம்மைப் பிழியும்படி வேண்டியவராகிறார். நம் மாணவர் 'ஐ ஹேவ்' என்னாமல் 'ஐ ஆம் ஹேவிங்' என்பது போலவே அவரும் வினைகளைத் தொடர்வினையாக்கிப் பேசுவார். நம் பிழைகளைப் பிறர் வாயில் கேட்பது நல்ல பாடம். சீக்கியராக வரும் ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். அலியாக நடித்த டினோ ஷபீக் டாக்காவில் பிறந்தவர். இத்தனை நயமாகப் பிழைபடப் பேச, மொழியைப் பிழையறக் கற்றிருக்க வேண்டும் என்பதையும் ஈண்டுக் கருதுக.

எனினும் இத்தொடரை நாம் தயக்கத்துடனேயே பரிந்துரைப்போம். நகை தோன்றும் நிலைக்களன்களைப் பகுத்த தொல்காப்பியர், பேதைமையையும் எள்ளலையும் வேறு வேறாகவே வைத்தார். ஒருவர் ஒரு சொல்லைத் தவறாகக் கொள்ளும்போது எழும் சிரிப்பு பேதைமையால் வருவது. அது நம் அனைவர்க்கும் பொது. அவர் பாகிஸ்தானியர், சீனர், சீக்கியர் என்பதனாலேயே எழுப்பப்படும் சிரிப்பு எள்ளல். இத்தொடரில் இரண்டும் கலந்துள்ளன. பிற நாட்டவரை இழிவுபட ஒரே அச்சில் வார்க்கிறது என்று கருதியே, ஒளிபரப்பு நிறுவனத்தில் பொறுப்பிலிருந்த மைக்கேல் கிரேட் அதை நிறுத்தினார். வகுப்பறையில் நம் மாணவர் அஞ்சுவதும் இந்த எள்ளலுக்கே. பிழையைக் கண்டு உடன் சிரிக்கும் தோழரையும், பிழைத்தவரைக் கண்டு சிரிக்கும் தோழரையும் அவர்கள் நன்கு பிரித்தறிவர். ஆசிரியரும் அறிதல் வேண்டும்.

இனி, பார்க்கும் முறை. தென்கொரியாவின் பி.டி.எஸ். இசைக்குழுத் தலைவர் ஆர்.எம்., 'ஃபிரண்ட்ஸ்' தொடரின் குறுந்தகடுகளைக் கொண்டே ஆங்கிலம் கற்றதாக 2017இல் ஒரு நேர்காணலில் கூறினார். முதன்முறை கொரிய எழுத்துகளோடும், அடுத்து ஆங்கில எழுத்துகளோடும், பின் எழுத்தேயின்றியும் பார்த்தாராம். இவற்றுள் இரண்டாம் படியே இன்றியமையாதது. ஹாலந்து மாணவரைக் கொண்டு 2009இல் நடந்த சோதனையில் 'கேத் அண்ட் கிம்' என்னும் ஆஸ்திரேலிய நகைச்சுவைத் தொடரும் காட்டப்பட்டது. பழக்கமில்லாத உச்சரிப்பைப் பிடித்துக்கொள்ள ஆங்கில எழுத்து துணைசெய்தது. தாய்மொழி எழுத்து தடையாயிற்று. கண் தாய்மொழியில் பொருளைப் பற்றியதும் செவி ஓய்ந்துவிடுகிறது போலும். ஆகவே ஒரு பகுதியை இருமுறை, ஆங்கில எழுத்தோடு பார்த்து, ஐந்தாறு தொடர்களை மட்டும் குறித்துக்கொண்டு, அவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் போதும். ஒரே அமர்வில் பத்துப் பகுதிகளைப் பார்ப்பது பொழுதுபோக்கே.

இத்தொடர்களில் வரும் மதுவும் வரம்பற்ற பழக்கமும் நம் பெரியோர்க்கு உவப்பல்ல என்பதை அறிவோம்; அவர்தம் கவலை நியாயமானதே. வீட்டாரோடு அமர்ந்து பார்க்கத்தக்க பகுதிகளைத் தேர்ந்துகொள்வது மாணவர் பொறுப்பு. சொற்களிலும் அத்தேர்வு வேண்டும். அலி நதீம் அடிக்கடி சொல்லும் 'ப்ளைமி' என்பதை வியப்புக்குறியாகக் கொண்டு சிலர் திருப்பிச் சொல்வர். 'இறைவன் என்னைக் குருடாக்கட்டும்' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரொன்று தேய்ந்து வந்த சொல் அது.