கொய்யா மரத்தடியில் ஒரு கேமரா

எங்கள் பள்ளியின் பின்புறம், சத்துணவுக் கூடத்தை ஒட்டி ஒரு கொய்யா மரம் நிற்கிறது. தென்காசி மாவட்டத்தில், மேற்கு மலையைப் பார்த்தபடி அமைந்த சிறிய நடுநிலைப்பள்ளி எங்களுடையது. பழுக்கும் பருவத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பழங்களைப் பறித்து வகுப்புவாரியாகப் பங்கிட்டுக் கொடுப்போம். சென்ற ஆண்டு அந்தப் பழங்கள் இரவோடு இரவாகக் காணாமல் போகத் தொடங்கின. காலையில் பாதி கடித்த பழங்கள் மட்டும் தரையில் கிடக்கும்.

மதிலை ஒட்டி வீடு உள்ள ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன்மீது எனக்குச் சந்தேகம் வந்தது. முன்பு ஒருமுறை கொய்யாக்காய் பறித்து மாட்டிக்கொண்டவன் அவன். எல்லோர் முன்னிலையிலும் எழுப்பிக் கேட்டேன். "நான் எடுக்கல சார்" என்றான். நான் நம்பவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்கும். அடுத்த இரண்டு நாள்கள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் மாலை அவன் வீட்டுக்குப் போனேன். பீடி சுற்றிக்கொண்டிருந்த அவன் அம்மா தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார். "எல்லாரும் களவாணிங்காவன்னு அழுதுகிட்டே கெடக்கான் சார்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 'சான்று இல்லாமல் முடிவுக்கு வரக்கூடாது' என்று தினமும் பாடம் நடத்தும் அறிவியல் ஆசிரியர் நான்.

அவனே வெளியே வந்து என்னை மதிலருகே கூட்டிப் போனான். "மதிலு மேல பாருங்க சார். எச்சம் கெடக்கு. உள்ள முழுக்க கொய்யா விதை." அவன் சொன்னது உண்மைதான். நான் பார்க்காததை அவன் ஏற்கெனவே பார்த்திருந்தான்.

பறவை நோக்குதலில் ஆர்வமுள்ள நண்பர் ஒருவரிடம் தானியங்கி கேமரா இருந்தது. தலைமையாசிரியரின் அனுமதியோடு அதை இரவல் வாங்கி வந்தேன். அந்த இரண்டு வாரங்களில் நாங்கள் கற்றுக்கொண்டதைப் பகிர்வதற்காகவே இக்கட்டுரை.

கேமரா இருளில் எப்படிப் பார்க்கிறது?

வெப்பமுள்ள ஒவ்வோர் உடலும் அகச்சிவப்புக் கதிர்களை வெளிவிடுகிறது. தானியங்கி கேமராவின் முகப்பில் இக்கதிர்களை உணரும் உணர்வி ஒன்று உண்டு. சூழலைவிட வெப்பமான ஓர் உடல் அதன் முன்னே நகர்ந்தால் உணர்வி விழித்துக்கொள்கிறது. உடனே கேமரா படம் எடுக்கிறது. ஆள் வந்ததும் தானாக எரியும் விளக்குகளில் இருப்பதும் இதே வகை உணர்விதான்.

இரவில் படமெடுக்க வெளிச்சம் வேண்டுமே? கேமராவில் உள்ள சிறு எல்.இ.டி. விளக்குகள் நம் கண்ணுக்குப் புலப்படாத, அல்லது மங்கிய சிவப்பாக மட்டுமே தெரியும் அகச்சிவப்பு ஒளியை வீசுகின்றன. அதனால்தான் இரவுப் படங்கள் கறுப்பு வெள்ளையாக அமைகின்றன.

இதை வகுப்பறையில் கேமரா இல்லாமலே காட்டலாம். தொலைக்காட்சி ரிமோட்டின் முனையைக் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பெரும்பாலான கைப்பேசித் திரைகளில் வெளிர் ஊதாப் புள்ளி ஒன்று மினுங்கும். அகச்சிவப்புக் கதிர் பற்றி நான் பலமுறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். மாணவர்கள் "ஆ" என்று வாய் பிளந்தது அன்றுதான்.

இந்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜ் ஷிராஸ் எடுத்த 74 காட்டுயிர்ப் படங்களை, அவற்றுள் பல இரவில் எடுத்தவை, 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் வெளியிட்டது. விலங்கு இடறும் கம்பியோடு கேமராவைப் பிணைத்துவைப்பது அவர் கையாண்ட உத்திகளுள் ஒன்று. 1920களில் வன அலுவலர் எஃப்.டபிள்யூ. சாம்பியன் அதே உத்தியால் வட இந்தியக் காடுகளில் புலிகளைப் படமெடுத்தார். இன்று நாட்டின் புலிக் கணக்கெடுப்பே இதை நம்பித்தான் நடக்கிறது. 2018-19 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இராது என்பதால், படத்தைக் கொண்டே தனித்தனிப் புலிகளை அடையாளம் காண்கிறார்கள்.

நாங்கள் செய்த தவறுகள்

முதல் நாள் மரத்தண்டில் என் மார்பு உயரத்தில் கேமராவைக் கட்டினேன். மறுநாள் நானூறுக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. அத்தனையும் வாழை இலை! பகலில் வெயிலில் சூடேறிய இலை காற்றில் அசைந்ததை உணர்வி விலங்கு என்று எடுத்துக்கொண்டது. கேமராவின் முன்னுள்ள புல், இலை, கொடிகளை முதலில் அகற்ற வேண்டும் என்பது முதல் பாடம். நேரே சூரியன் படும் கிழக்கு, மேற்குத் திசைகளைத் தவிர்ப்பதும் நல்லது.

இரண்டாம் இரவு ஒரு வாலின் நுனி மட்டும் கிடைத்தது. பூனை அளவுள்ள விலங்குக்கு முழங்கால் உயரமே போதும். பாதையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைக்கலாம். உணர்வி தன்னை நோக்கி நேரே வரும் உடலைவிடக் குறுக்கே கடக்கும் உடலை எளிதில் உணரும். அதை மனத்தில் கொண்டு திசையை அமைக்க வேண்டும்.

மூன்றாவது முறை இடத்தை அந்த மாணவனே தேர்ந்தெடுத்தான். எச்சம் கிடந்த இடத்திலிருந்து மதில்மீது நடந்து வந்தால் விலங்கு எந்தக் கிளையில் ஏறும் என்று கை நீட்டிக் காட்டினான். மதிலையும் கிளையையும் சேர்த்துப் பார்க்கும்படி எதிரே ஒரு கம்பம் நட்டோம். கேமரா பள்ளி வளாகத்தை மட்டுமே பார்க்கிறதா என்று சரிபார்த்தோம். அவன் விலங்கைப் போல் தவழ்ந்து கடந்து காட்ட, கேமரா படமெடுத்தது. வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான்.

படம் கிடைத்த இரவு

வியாழன் அதிகாலை 1.42. மதில்மேல் நீண்ட வாலுடன் ஒரு மரநாய். அதன் பின்னே இரண்டு குட்டிகள். மூன்றின் கண்களும் ஒளிர்ந்தன. இரவாடி விலங்குகள் பலவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. மங்கிய ஒளியையும் கண் இருமுறை பயன்படுத்திக்கொள்ள அது உதவுகிறது. அடுத்த படத்தில் தாய் கொய்யாக் கிளையில் இருந்தது. அதே இரவில் பெருச்சாளி ஒன்றும் தெருநாய் ஒன்றும் வந்து போயிருந்தன.

படத்தைத் திறன்பலகையில் போட்டேன். பிறகு அதே மாணவர்கள் முன்னிலையில் அவனிடம் சொன்னேன்: "நான் விசாரிக்காம உன்மேல பழி போட்டேன். தப்பு என்னுதுதான். மன்னிச்சிருப்பா." வகுப்பு அமைதியாக இருந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பரவால்ல சார். அதுக்குக் குட்டி இருக்குல்லா, பசிக்கும்லா" என்றான்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் கண்ணி வைத்துப் பிடித்துவிடலாம் என்றார். மரநாய் எலிகளையும் தின்னும், விதைகளைப் பரப்பி மரங்களை வளர்க்கும், அதைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று மாணவர்களே விளக்கினார்கள். குட்டிகளின் படத்தைப் பார்த்தபின் அவரும் ஒன்றும் சொல்லவில்லை. எட்டும் கிளைகள் எங்களுக்கு, உச்சிக் கிளைகள் மரநாய்க்கு என்று இப்போது ஒரு பங்கீடு நடக்கிறது.

வகுப்பறைக்கு வந்தவை

படங்களில் பதிவான நாள், நேரம், விலங்கு ஆகியவற்றை மாணவர்கள் அட்டவணையாக்கினார்கள். அதிலிருந்து கணக்குப் பாடத்துக்குப் பட்டை வரைபடம் கிடைத்தது. ஊரில் மரநாய்க்கு வழங்கும் பெயர்களையும் கதைகளையும் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு எழுதிவந்தது தமிழ்ப் பாடமாயிற்று.

இன்னொரு கேள்வியும் எழுந்தது: "பாம்பு ஏன் சார் வரல?" பாம்பின் உடல் வெப்பம் பெரும்பாலும் சூழலை ஒட்டியே இருப்பதால் உணர்வி அதைத் தவறவிடும். படத்தில் இல்லை என்பதால் அது அங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கேமராவும் ஒரு சாட்சிதான். அதன் எல்லையும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

கேமரா யாருடைய வீட்டையும், கழிப்பறையையும், பொதுவழியையும் பார்க்கக் கூடாது. கேமரா வைப்பதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். நினைவக அட்டையை எடுக்க இருட்டிலோ விடியற்காலையிலோ மாணவர்களை அனுப்ப வேண்டாம். படத்துக்காக இறைச்சியோ உணவோ வைத்து விலங்குகளை அழைக்காதீர்கள். கூட்டுக்கும் வளைக்கும் அருகே கேமரா வேண்டாம். அரிய விலங்கு பதிவானால் இடத்தைக் குறிப்பிட்டு வாட்ஸ்அப்பில் பகிராமல் வனத்துறைக்கு மட்டும் தெரிவியுங்கள்.

கேமரா கிடைக்காத பள்ளிகளும் தொடங்கலாம். மாலையில் மதிலோரம் மெல்லிய மணலைப் பரப்பி வையுங்கள். காலையில் கால்தடங்கள் இருக்கும். யாருடைய தடம் என்று முதலில் மாணவர்களைக் கேளுங்கள். நமக்குத் தெரியாதது அவர்களில் ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.