பள்ளித் தோட்டத்தின் சாவி யாரிடம்?

ஜொகூர் பாருவிலிருந்து தெப்ராவ் ஆற்றுப் பாலத்தைக் கடந்து பெர்மாஸ் ஜெயாவுக்குள் நுழைந்தால், ஜாலான் பெர்மாஸ் என்று சொல்லி ஓர் எண்ணைச் சேர்த்தால் போதும், முகவரி முடிந்தது. வரிசை வீடுகளின் முன்பக்கம் கார் நிற்க சிமெண்டு போட்டாயிற்று. பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டியாயிற்று. கறிவேப்பிலைக்கு ஒரு பூச்சட்டி வைக்க இடம் இருந்தால் பெரிய விஷயம். இப்படிப்பட்ட புறநகரில் மண்ணாகவே மிஞ்சியிருக்கும் நிலம் பெரும்பாலும் பள்ளி வேலிக்குள் இருக்கிறது. அதில் மாணவர்கள் காய்கறி போட்டு அக்கம்பக்கத்துக்கு உதவலாம் என்ற யோசனை நல்லதுதான். எப்படி உதவுவது என்பதில்தான் கணக்குத் தப்புகிறது.

பள்ளித் தோட்டம் என்றதும் எல்லோரும் கங்கோங் விதைக்கிறார்கள். நாலு வாரத்தில் அறுக்கலாம். தலைமையாசிரியருடன் படம் எடுக்கப் பச்சைப்பசேல் என்றிருக்கும். அறுத்ததை வசதி குறைந்த குடும்பங்களுக்கு ஆளுக்கொரு கட்டு கொடுத்தால் ஒரு வேளைக் குழம்புக்கு ஆயிற்று. அப்புறம் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். 2020இல் மலேசியா இறக்குமதி செய்த உணவின் மதிப்பு 55.5 பில்லியன் ரிங்கிட். நாலு பாத்திக் கீரையால் அந்தத் தொகை அசையாது. அசைக்கும் என்று திறப்பு விழாவில் யாராவது பேசினால் கைதட்டிவிட்டு வந்துவிடலாம்.

காலி மண்ணில் உணவு பயிரிடுவது நாட்டுக்குப் புதிய எண்ணமும் அல்ல. ஜப்பானியர் ஆட்சியில் அரிசி வராமல் போனபோது மலாயா மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தது. 1974இல் விலைவாசி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டைச் சுற்றியுள்ள வெற்றிடங்களில் எல்லாம் காய்கறி நடச் சொன்னார். விலை அடங்கியதும் ஆர்வமும் அடங்கிவிட்டது. இந்த அறிவிப்புகளுக்கெல்லாம் காத்திராமல் பயிர் செய்தவர்கள் தோட்டப்புறத்து லயங்களில் இருந்த நம் பெண்கள். பால்மரம் வெட்டிவிட்டு வந்து, லயத்துக்குப் பின்னால் வெண்டையும் தண்டுக்கீரையும் போட்டு, வேலியில் முருங்கைப் போத்து நட்டவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் அந்தத் தலைமுறையில் பலர் பிள்ளைகளோடு இப்படிப்பட்ட தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். கைக்கு வேலை தெரியும், மண் இல்லை. பள்ளியிலோ மண் இருக்கிறது. இடைநிலைப்பள்ளியின் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் அக்குவாபோனிக்ஸ் கூட வருகிறது. ஆனால் முருங்கைப் போத்தை எந்தக் கனத்தில் வெட்டி நட்டால் அழுகாமல் துளிர்க்கும் என்று பாட்டியிடம்தான் கேட்க வேண்டும்.

அதனால் என் கட்சி இது: கீரைக்கட்டை வாங்கிக்கொள்ள மட்டும் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடாதீர்கள், தோட்டக் கதவின் சாவியில் ஒன்றை அவர்களிடம் கொடுங்கள்.

அதற்கு முன் மண்ணைப் பார்க்க வேண்டும். 2019 மார்ச்சில் பக்கத்துப் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்கு ஓடினர், 111 பள்ளிகள் மூடப்பட்டன. பெர்மாஸ் ஜெயா மண்ணில் அந்த நஞ்சு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொழிற்பேட்டைக்கு அருகில் வாழும் பெற்றோர், "இதைச் சாப்பிடலாமா சார்?" என்று கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. போதாக்குறைக்குப் பள்ளி வளாகம் பலவும் மேடு வெட்டிப் பள்ளம் நிரப்பிய இடம்; மேல்மண் போய், புளிப்பேறிய செம்மண்ணும் கட்டட இடிபாடும்தான் அடியில் கிடக்கும். மண்ணில் கன உலோகம் இருந்தால் காயைவிட இலையிலும் கிழங்கிலும்தான் அதிகம் ஏறும். எல்லோரும் முதலில் போடுவது கீரை! மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். சந்தேகம் இருந்தால் பலகை அடித்து உயரப் பாத்தி கட்டி, நல்ல மண் வாங்கிக் கொட்டலாம். செலவுதான். கங்கோங் படத்துக்கான பதாகைச் செலவை இதில் போடலாம்.

எதை நடுவது? வீட்டில் தினமும் கொஞ்சம் தேவைப்படுவதையும், கிள்ளக் கிள்ள வருவதையும் நடலாம். கறிவேப்பிலை, ரம்பை இலை, செராய், முருங்கை, பச்சை மிளகாய், மலாய் வீட்டு ஊலாமுக்கு வல்லாரை. கறிக்குழம்புக்கும் நாசி லெமாக்கிற்கும் ஒரே வேலியில் இலை பறிக்கலாம்.

ஆள் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். இங்கே பல வீடுகளில் அப்பாவோ அம்மாவோ விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். 2014 முதல் 2024 வரை ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. சிங்கப்பூரிலோ சனியும் ஞாயிறும். வீட்டில் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைத்தது சனி ஒன்றுதான், அதுவும் துணி துவைக்கவும் சந்தைக்குப் போகவும் சரியாக இருந்தது. 2025 ஜனவரி முதல் ஜொகூரும் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. கூட்டுப்பணிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைக் கேட்டால் இப்போது வருவதற்கு ஆள் உண்டு.

பள்ளித் தோட்டங்கள் செத்துப்போவது பெரும்பாலும் விடுமுறையில்தான். 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால், ஆண்டிறுதி விடுமுறை வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து வருகிறது. அப்போது தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. பாத்தியில் நீர் தேங்கி வேர் அழுகும், லாலாங் புல் முழங்கால் உயரம் வளரும், நத்தை நாற்றை மொட்டையடிக்கும். கவிழ்க்காமல் விட்ட சட்டிகளில் ஏடிஸ் கொசு முட்டையிடும். சுகாதார அதிகாரி வந்தால் பள்ளிக்கு அபராதம். ஆகவே நவம்பரிலேயே கீரைப் பாத்திகளைக் காலி செய்து மூடாக்குப் போட்டுவிட வேண்டும். வேலியோரத்து முருங்கையும் கறிவேப்பிலையும் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை கதவைத் திறந்து சட்டிகளைக் கவிழ்த்துவிட்டு, குழம்புக்கு வேண்டிய கொத்தைக் கிள்ளிக்கொண்டு போக எதிர்த்தெருவில் இரண்டு பாட்டிமார் இருந்தால் போதும். காவலாளியிடம் அவர்கள் பெயரை எழுதிக் கொடுத்துவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் அடையாள அட்டை கேட்டு நிறுத்தாமல் இருக்கட்டும்.