டாலரில் சம்பளம்... கைக்கு வருவது எவ்வளவு? வெளிநாட்டுக்கு வேலை செய்யும் இளைஞர்களே உஷார்!

கடலூர்:

வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் வெளிநாட்டுக்கு வேலை செய்து சம்பாதிக்கும் இளைஞர்கள் கடலூர், சிதம்பரம் பகுதிகளிலும் இருக்கிறார்கள். வெப்சைட் டிசைன், மொழிபெயர்ப்பு, கணக்கு எழுதுவது என்று வேலை பலவிதம்.

அமெரிக்காக்காரர் டாலர் தருவார். லண்டன்காரர் பவுண்டு தருவார். ஜெர்மனிக்காரர் யூரோ தருவார். கடைசியில் கைக்கு எத்தனை ரூபாய் வருது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அந்தக் கால "வட்டம்"

பல நாட்டுக் காசு இந்த மாவட்டத்துக்குப் புதுசு இல்லை. கிழக்கிந்திய கம்பெனி 1690-ல் கடலூர் புனித டேவிட் கோட்டையை வாங்கியது. கம்பெனி கணக்கில் 1 வராகனுக்கு 42 பணம், 1 பணத்துக்கு 80 காசு. சிதம்பரம் பக்கத்து பரங்கிப்பேட்டை பெயரிலேயே ஒரு வராகன் புழக்கத்தில் இருந்தது.

காசு மாற்றித் தரும் சராப்பு, தன் பங்குக்கு "வட்டம்" பிடித்துக்கொள்வார். இன்று அந்த வேலையை பேங்கும், பணம் அனுப்பும் ஆன்லைன் கம்பெனிகளும் செய்கின்றன.

எங்கே கட்டிங் விழுது?

500 டாலர் சம்பளம். மார்க்கெட்டில் டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி 42 ஆயிரத்து 500 ரூபாய் வர வேண்டும்.

ஆன்லைன் கம்பெனி 4 சதவீதம் கமிஷன் எடுத்தால் 20 டாலர் போச்சு. மீதி 480 டாலரை 82 ரூபாய்க்கு மாற்றினால் கிடைப்பது 39 ஆயிரத்து 360 ரூபாய். அதாவது 3 ஆயிரத்து 140 ரூபாய் அவுட்!

கமிஷன் ரசீதில் தெரியும். டாலர் விலையில் விழும் கட்டிங் கண்ணுக்குத் தெரியாது. பேங்க் மூலம் நேராக வந்தாலும் நடுவில் உள்ள வெளிநாட்டு பேங்க் கொஞ்சம் பிடிக்கலாம். அதனால் "கமிஷன் யார் தலையில்?" என்று சம்பளம் பேசும்போதே கேட்டுவிடுவது நல்லது.

டாலராகவே வைக்கலாமா?

வைக்கலாம். இதற்கென்று பேங்குகளில் இ.இ.எப்.சி. கணக்கு உண்டு. ஆனால் வட்டி கிடையாது. ஒரு மாதம் வந்த பணத்தில் செலவு போக மீதியை அடுத்த மாதக் கடைசிக்குள் ரூபாயாக மாற்றிவிட வேண்டும். வெளிநாட்டு சாப்ட்வேருக்கு டாலரில் பணம் கட்டுபவர்களுக்கு இது உதவும்.

காகிதம்தான் காப்பு

பணம் எதற்காக வந்தது என்று பேங்க் கேட்கும். மென்பொருள் வேலை என்றால் பி 0802 என்ற குறியீடு. கமிஷனை மிச்சம் பிடிக்க "சொந்தக்காரர் அனுப்பிய பணம்" என்று போட்டால் பின்னால் சிக்கல்தான். வேலைக்கான பில், பணம் வந்ததற்கு பேங்க் தரும் சான்று இரண்டையும் பத்திரமாக வைக்க வேண்டும்.

வெளிநாட்டுக் காசுக்கு வருமான வரி இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது தப்பு. இங்கே இருந்து வேலை செய்தால் இங்கே வரிக்கணக்கு காட்ட வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் அவசியம்.

"கூட ரேட் தர்றேன்" என்றால்...

உஷாராக வேண்டியது இங்கேதான். "டாலரை என் ஆளுக்கு அனுப்பச் சொல்லு, பேங்கைவிட 2 ரூபாய் கூடவே தர்றேன்" என்று யாராவது வந்தால் அது உண்டியல், அதாவது ஹவாலா. அன்னியச் செலாவணி சட்டப்படி, சம்பந்தப்பட்ட தொகையைப் போல 3 மடங்கு வரை அபராதம் விழலாம்.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. அந்த ஆள் உங்கள் கணக்கில் போடும் ரூபாய், வேறு யாரிடமோ மோசடி செய்து பிடுங்கியதாக இருக்கலாம். பறிகொடுத்தவர் 1930 எண்ணில் புகார் செய்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கு முடக்கப்படும். வேலை செய்து சேர்த்த காசும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

2 ரூபாய்க்கு ஆசைப்பட்டு, மாதம் முழுக்க கண்விழித்து சம்பாதித்ததை யாராவது பணயம் வைப்பார்களா?