வாணியன் கடைச் சரக்கும் வயிற்றுப் புற்றுநோயும்



"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்பது நம் முன்னோர் வாக்கு. நல்ல சரக்கை வாங்கி உண்டால் மருந்துச் செலவு மிச்சம் என்பது அதன் பொருள். நம் தொழிலுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று வேறு இல்லை. ஆனால் நற்சான்று பெற்றவனுக்குப் பொறுப்பும் உண்டு.

இப்போதெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் விலையை மட்டும் கேட்பதில்லை. "அண்ணாச்சி, கேன்சருக்கு மஞ்சள் நல்லதாமே? கருஞ்சீரகம் நல்லதாமே?" என்று கைப்பேசியில் வந்த செய்தியைக் காட்டிக் கேட்கிறார்கள். சிலர் "ஆமாம், கைகண்ட மருந்து" என்று சொல்லி அரைக் கிலோவைக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். சிலர் "எனக்கென்ன தெரியும்?" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். இரண்டும் சரியல்ல. நாம் விற்கும் பொருள் மனிதர் வயிற்றுக்குள் போய் என்ன செய்கிறது என்பதை ஓரளவாவது நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

குடலுக்குள் நடப்பது என்ன?

நாம் உண்ணும் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவற்றில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே செரித்துவிடும். தானியத்தின் தவிடு, பருப்பின் தோல், கீரையின் தண்டு, காய்கனியின் சக்கை ஆகியவற்றில் உள்ள நார்ச்சத்து மட்டும் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. இட்லி மாவு புளிப்பதுபோல் அவை இந்த நாரைப் புளிக்கவைத்துச் சில அமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் முக்கியமானது பியூட்டிரேட். பெருங்குடலின் உட்சுவரில் உள்ள உயிரணுக்களுக்கு இதுதான் முதன்மையான உணவு. ஆய்வுக்கூடச் சோதனைகளில் இது புற்றுநோய் உயிரணுக்களின் வளர்ச்சியைத் தடுப்பதாகவும் கண்டிருக்கிறார்கள். நார் மலத்தை இளக்கி விரைவாக வெளியேற்றுவதால், கெட்ட பொருள்கள் குடல் சுவரில் பட்டுக்கொண்டிருக்கும் நேரமும் குறைகிறது.

எள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் லிக்னான் என்ற பொருள் உண்டு. பெருங்குடல் நுண்ணுயிர்கள்தான் அதை உடலுக்குப் பயன்படும் வேறொரு பொருளாக மாற்றுகின்றன. பூண்டை நசுக்கும்போது எழும் காரநெடிக்குக் காரணம் அல்லிசின் என்னும் கந்தகப் பொருள். கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் ஆகியவற்றின் காரத்துக்கும் அதுபோல் தனிப் பொருள்கள் உண்டு. பழைய சோற்றையும் குறைத்து எண்ண வேண்டாம். வெந்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காததாக மாறி, பெருங்குடலுக்குப் போய் நார்ச்சத்தைப் போலவே வேலை செய்கிறது.

ஆராய்ச்சி சொல்வது எவ்வளவு?

உகாண்டா நாட்டில் பல ஆண்டுகள் பணியாற்றிய அயர்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட். மேல்நாட்டில் மலிந்துள்ள பெருங்குடல் புற்றுநோய் ஆப்பிரிக்கக் கிராம மக்களிடம் மிக அரிதாக இருப்பதைக் கண்டார். அவர்கள் உணவில் நார் மிகுதி என்பதே காரணமாக இருக்கலாம் என்று 1971ல் எழுதினார். அதன்பின் உலகெங்கும் ஆராய்ச்சிகள் பெருகின. ஐரோப்பாவில் 10 நாடுகளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2003ல் வெளியாயிற்று. நார்ச்சத்து மிகக் குறைவாக உண்டவர்களைவிட, மிக அதிகமாக உண்டவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஏறத்தாழ கால் பங்கு குறைவாக இருந்தது. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2017ல் வெளியிட்ட அறிக்கை, நாள்தோறும் 90 கிராம் முழுத்தானியம் உண்பவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு 17 சதவீதம் குறைவு என்று கணக்கிட்டது.

மறுபக்கத்தையும் சொல்வதுதான் நேர்மை. அமெரிக்காவில், குடலில் வளரும் பாலிப் எனப்படும் சதை முளைகளை அகற்றிக்கொண்ட சுமார் 1,900 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. நான்கு ஆண்டுகள் நார் மிகுந்த உணவு உண்டும் முளைகள் மீண்டும் வருவது குறையவில்லை என்று 2000ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். ஆகவே நல்ல உணவு என்பது வாழ்நாள் பழக்கம். நோய் தலைகாட்டிய பிறகு ஓடிப்போய் வாங்கும் சரக்கல்ல அது.

மஞ்சளின் கதையும் இதுவே. அதன் நிறத்துக்குக் காரணமான குர்க்குமின், உடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. பரம்பரையாகக் குடலில் நூற்றுக்கணக்கில் முளைகள் தோன்றும் நோயுள்ள 5 பேருக்குக் குர்க்குமினுடன் வேறொரு தாவரப் பொருளையும் சேர்த்துக் கொடுத்ததில் முளைகள் குறைந்தன என்று 2006ல் ஒரு செய்தி வந்தது. உலகமே மஞ்சளைப் புகழ்ந்தது. பின்னர் 44 பேரிடம், போலி மாத்திரையோடு ஒப்பிட்டு, ஓராண்டு குர்க்குமின் கொடுத்துச் சோதித்தார்கள். எந்த வேறுபாடும் தெரியவில்லை என்று 2018ல் முடிவு வந்தது. முதல் செய்தி பரவிய வேகத்தில் இரண்டாவது செய்தி பரவவில்லை.

இன்னொன்று நம்மை எச்சரிக்கிறது. காரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் நல்லது என்று எண்ணி, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைத் தேர்ந்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு அதை மாத்திரையாகக் கொடுத்தார்கள். 1994ல் கணக்குப் பார்த்தபோது, அதை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. உணவில் இருக்கும்போது நன்மை செய்வது, பிரித்தெடுத்து மாத்திரையாக்கியதும் தீமையும் செய்யக்கூடும். சமையற்கட்டில் உள்ள மஞ்சள், பூண்டு, எள், பருப்பு ஆகியவற்றின் சிறப்பே அவை ஒன்றாகக் கூடிச் சோற்றோடு போவதுதான்.

ஒரு கணக்கு

வணிகனுக்குக் கணக்குச் சொன்னால்தான் மனத்தில் பதியும். வளர்ந்தவருக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராமில் உள்ள நார்ச்சத்து ஏறத்தாழ இவ்வளவு: தீட்டிய பச்சரிசி 3 கிராம், துவரம் பருப்பு 9, கேழ்வரகு 11, கம்பு 11, முழுப் பாசிப்பயறு 17, தோலுடன் முழு உளுந்து 20, முழுக் கொண்டைக்கடலை 25. அதே பாசிப்பயறைத் தோல் நீக்கி உடைத்தால் 9. தோல் நீக்கிய உளுத்தம் பருப்பு 12. பாலீஷ் போடப் போட நாம் எதைத் தள்ளுகிறோம் என்பது விளங்குகிறதல்லவா?

ஒருவர் நாளெல்லாம் 300 கிராம் வெள்ளை அரிசியும் 50 கிராம் துவரம் பருப்பும் உண்டால் கிடைக்கும் நார் 13, 14 கிராம்தான். அதுவே அரிசியை 200 கிராமாகக் குறைத்து, 100 கிராம் கேழ்வரகுக் களி அல்லது கூழ், 50 கிராம் பாசிப்பயறுச் சுண்டல் என்று சேர்த்தால் 30 கிராம் கிடைத்துவிடும். கீரையும் காயும் அதற்கு மேல் லாபம். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் வார்க்கும்போது மட்டும் குடிக்கும் கூழை மற்ற பதினொரு மாதமும் குடித்தால் என்ன கெட்டுவிடும்?

வாடிக்கையாளருக்கு இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லுங்கள். நார் உணவை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும், தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். குடலில் அறுவை செய்துகொண்டவர்கள் டாக்டரைக் கேட்டுச் செய்வது நல்லது.

நம் கிடங்கில் உண்டாகும் நஞ்சு

நல்ல சரக்கு நன்மை செய்யும் என்றால், கெட்ட சரக்கு? இங்குதான் நம் கைச்சுத்தம் இருக்கிறது. ஈரம் பட்ட நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய் வற்றல், கொப்பரை ஆகியவற்றில் ஒருவகைப் பூஞ்சணம் பிடித்து அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்ட நஞ்சு இது. 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தபோது, அவற்றின் தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கிலிருந்துதான் இதைக் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டிலேயே 1974ல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கும் மேற்பட்ட ஏழை மக்கள் இறந்தார்கள்.

வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுவதும் போவதில்லை. தானியத்திலும் பருப்பிலும் கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. கண்ணுக்குத் தெரியாத அளவு அது. ஆகவே வராமல் தடுப்பதுதான் வழி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூட்டைகளை வெறுந்தரையில் போடாதீர்கள். பலகை மேல் அடுக்கி, சுவரை ஒட்டாமல் இடம்விட்டு வையுங்கள். உலுக்கினால் கலகலவென்று ஒலிக்காத கடலைக்காயை வாங்காதீர்கள். சுருங்கியது, நிறம் மாறியது, சொத்தை ஆகியவற்றைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். "எண்ணெய்க்கு ஆகும், கடலை மிட்டாய்க்கு ஆகும்" என்று ஒதுக்கி விற்பது பாவம். செக்கில் ஆட்டி அப்படியே விற்கும் எண்ணெயில் இந்த நஞ்சு தங்கும் வாய்ப்பு உண்டு. பொறுக்கி எறிவதில் மூட்டைக்கு இத்தனை கிலோ நட்டம் என்று மனம் கணக்குப் போடும். அந்த நட்டத்தை நாம் ஏற்காவிட்டால் ஒரு குடும்பம் ஏற்க வேண்டிவரும்.

எங்கள் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலைத் தேர்தலுக்காக ஊரே பெருமை பேசும் அந்தக் கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியத்தோடு பொன் வாரியமும் வருகிறது. பொன்னின் தரம் பார்க்க ஊருக்கென்று ஒரு குழு இருந்தது. பருப்பின் தரம் பார்க்க இன்று கடைக்குக் கடை ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் கடை முதலாளிதான்.

சொல்லக்கூடாததும் சொல்ல வேண்டியதும்

எங்கள் மண்டிக்கு வரும் ஒரு கிராமத்துக் கடைக்காரர் சொன்னதை இங்கே எழுதுகிறேன். அவருடைய வாடிக்கையாளர் ஒருவருக்கு மலத்தில் இரத்தம் போயிற்று. மூலம்தான் என்று தாமே முடிவு கட்டிக்கொண்டு, யாரோ சொன்ன பொடிகளை எட்டு மாதம் வாங்கித் தின்றார். கடைசியில் மகள் வற்புறுத்திக் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது நோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தது. "மாதாமாதம் பொடி கட்டிக் கொடுத்தேன், ஒரு நாளாவது ஏன் என்று கேட்டிருக்கலாமே" என்று அந்தக் கடைக்காரர் கண்கலங்கினார். பெருங்குடல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டால் அறுவை செய்து குணப்படுத்த நல்ல வாய்ப்பு உண்டு. அந்த எட்டு மாதம் திரும்பி வருமா?

ஆகவே மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் மாறிப்போன மலப்போக்கு, காரணமில்லாத எடைக் குறைவு, சோகை, விழுங்கச் சிரமம் என்று யாராவது சொல்லிப் பொடி கேட்டால், "முதலில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்" என்று சொல்லுங்கள். ஒரு வியாபாரம் போனால் போகட்டும்.

"புற்றுநோய் தீர்க்கும்" என்று பலகை எழுதிவைக்காதீர்கள். 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டப்படி அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். தவறான உணவு விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

பீடி, சிகரெட், புகையிலை பற்றியும் ஒரு சொல். குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழக அரசு 2013ல் தடை விதித்தது. உணவுக்குழாய், இரைப்பை, பெருங்குடல் ஆகிய எல்லாவற்றிலும் புற்றுநோயை வளர்ப்பது புகையிலை. சென்னைப் பகுதி ஆண்களிடம் நெடுங்காலமாக முன்வரிசையில் உள்ள இரைப்பைப் புற்றுநோய்க்கு அதோடு உப்பில் ஊறிய பண்டங்களும் துணைபோகின்றன. ஒரு கையால் சிறுதானியத்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மறுகையால் புகையிலைப் பொட்டலத்தை நீட்டினால், நம் தராசு எந்தப் பக்கம் சாயும்?

கல்லாவில் காலை முதல் இரவு வரை உட்கார்ந்து, பசித்தால் டீயும் வடையும் என்று காலம் தள்ளும் நமக்கும் குடல் ஒன்றுதான். முழுப் பயறும் கேழ்வரகும் முதலில் நம் வீட்டு அடுப்பில் ஏறட்டும். கடையில் தோல் உளுந்தையும் கம்பையும் பின்கட்டிலிருந்து எடுத்து முன்வரிசையில் வையுங்கள். கேட்பவருக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வாணியனுக்குக் கொடுத்த காசு வீண் போகவில்லை என்று வாங்குகிறவர் சொல்ல வேண்டும். அதுவே நம் தொழிலுக்குச் சிறப்பு.